எதிர் வீட்டு ஃப்ரிட்ஜ்

போன ஞாயிற்றுக்கிழமை எதிர் வீட்டு ஃப்ரிட்ஜைச் சுத்தம் செய்து கொடுத்தேன்.

இதைக் கேட்டதும் என் மனைவி சாந்தி விழுந்து விழுந்து சிரித்திருக்க வேண்டும். கல்யாணமாகி முப்பது வருடத்தில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜை நான் ஒரு தடவைகூடத் துடைத்ததில்லை. முட்டை வைக்கும் தட்டைத் தனியாகக் கழற்றலாம் என்பதே எனக்குப் போன வருடம்தான் தெரியும். ஆனால் அவள் சிரிக்கவில்லை. பழைய பனியன் துணி இரண்டும், ஒரு கிண்ணத்தில் சோடா உப்பும் எடுத்துக் கொடுத்து, "போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றித் தெரியும். வீட்டுச் சமாச்சாரத்தை வைத்துக் கிண்டலடித்துப் பிழைக்கிறவன். இந்த வாரம் கிண்டல் வரவில்லை. சிரிக்க வந்தவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்... கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எதிர் வீட்டில் இருப்பவள் செல்லத்தாய். ஐம்பது வயது. புருஷன் இல்லை, ஒரே மகள் மாரீஸ்வரி, சிலமலையில் கட்டிக்கொடுத்தாயிற்று. போடியில் எங்கள் தெருவில் இருக்கிற எல்லோரையும் போல ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறவள் — போனவள். விடியும் முன்னால் தெருமுனைக்கு ஜீப் வந்துவிடும். பதினைந்து பேரை அடைத்துக்கொண்டு போடிமெட்டு ஏறி, கேரளா பக்கத் தோட்டத்தில் இறக்கிவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். இருபது வருடமாக அந்த ஜீப்பில் அவளுக்கென்று ஓர் ஓரம் இருந்தது.

ஐப்பசி மாதம் அவளுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இதற்கும் ஃப்ரிட்ஜுக்கும் என்ன சம்பந்தம்? ஃப்ரிட்ஜுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

செல்லத்தாய்க்குச் சர்க்கரை. மாத்திரைக்கு அடங்காமல் ஊசிக்கு மாற்றினார்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஆஸ்பத்திரியில் இன்சுலின் குப்பியைக் கையில் கொடுத்து, 'ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளம்மா' என்று சொல்லி அனுப்பினார்கள். அவளிடம் ஃப்ரிட்ஜ் இல்லை. நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"மதினி, ஒரு ஓரமா வெச்சுக்கிறலாமா? வாசம் கீசம் ஒண்ணும் அடிக்காது" என்று சாந்தியிடம் கேட்டாள்.

மருந்து வாசமடிக்கவில்லை. ஆனால் அதைப் போட்டுக் கொண்டுவந்த எவர்சில்வர் டப்பா, அதற்கு முன்னால் ஏலக்காய் வைத்திருந்த டப்பா. எத்தனை தேய்த்தும் வாசம் போகவில்லை. எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் முட்டைக்குப் பக்கத்தில் அது இடம்பிடித்த ஒரே வாரத்தில் வெண்ணெய் ஏலக்காய் மணத்தது. தோசை மாவு மணத்தது. ஒருநாள் நெத்திலிக் குழம்பே மணத்தது. 'பாயசத்தில் மீன் போட்டது யார்?' என்று நான் கேட்டதையும், சாந்தி முறைத்ததையும் இதே பக்கத்தில் எழுதினேன்; நீங்களும் சிரித்தீர்கள்.

எழுதாமல் விட்டதை இப்போது சொல்கிறேன்.

காலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டுக் காலிங்பெல் அடிக்கும். "அண்ணே... மருந்து." நான் போய்க் கதவைத் திறக்க வேண்டும். அவள் சமையலறைக்குள் போய், சுவரைப் பார்த்து நின்று ஊசி போட்டுக்கொண்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, "வர்றேன்ணே, ஜீப்பு வந்துரும்" என்று ஓடுவாள். மொத்தம் ஐந்து நிமிடம். தூக்கம் போனது போனதுதான். மாலை ஏழு மணிக்கு மறுபடியும் பெல். அதுவாவது டீ குடிக்கிற நேரம்.

முதல் மாதம், உதவி செய்கிறோம் என்று பெருமையாக இருந்தது. மூன்றாவது மாதம் பழகிவிட்டது. ஆறாவது மாதம் எரிச்சல் வந்தது. உதவி செய்வதில் இதுதான் சிக்கல்... ஒரு தடவை செய்வது சுலபம். தினமும் காலை ஐந்து மணிக்குச் செய்வது?

எங்கள் ஃப்ரிட்ஜுக்குள் என்னென்ன இருந்தன தெரியுமா? மூன்று நாள் சாம்பார். பாதி வெட்டிக் காய்ந்துபோன எலுமிச்சை. ஏதோ கல்யாணப் பையில் வந்த ஜாங்கிரி. யாரும் தொடாத சாஸ் பாட்டில் இரண்டு. இத்தனைக்கும் இடமிருந்தது. கட்டைவிரல் அளவு குப்பி ஒன்று இருந்ததில்தான் எனக்கு வீடே நெருக்கடியாகத் தெரிந்தது.

இரண்டாவது வருடம் ஒருநாள், நல்ல மழை. பெல் அடித்தது. சாந்தி மதுரைக்குப் போயிருந்தாள். நான் விழித்துக்கொண்டேதான் படுத்திருந்தேன். இன்னொரு தடவை அடிக்கட்டும் என்று நினைத்தேன். அடித்தது. மூன்றாவது தடவை அடிக்கவில்லை. தெருமுனையில் ஜீப் ஹாரன் கேட்டது. ஊசி போடாமலே அவள் மலையேறிவிட்டாள்.

மாலை வந்தவள், "அசந்து தூங்கிட்டீகளாண்ணே?" என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. எனக்குத்தான் உறுத்தியது. உறுத்தினால் நான் ஜோக்கடிப்பேன். அது என் வியாதி.

"தாயி, நீயும் ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கிப்போடு. ஒனக்கும் நல்லது, எனக்கும் நிம்மதியாத் தூக்கம் வரும்" என்றேன்.

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் சிரித்ததை நான் ஜோக்குக்கான சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த மாதமே எதிர் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வந்துவிட்டது. மகள் வீட்டில் பெரிதாக ஒன்று வாங்கியதால், பழைய சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜை அம்மாவுக்கு அனுப்பிவிட்டாள். நீல நிறம், கதவில் ரோஜாப்பூ. சிலமலையிலிருந்து லோடு ஆட்டோவில் படுக்கப் போட்டுக் கட்டி வந்தது. இறக்கியவுடன் செல்லத்தாய் சந்தனம் குங்குமம் வைத்து, பிளக்கைக் கையில் எடுத்துவிட்டாள். "பத்தரைக்குள்ள போட்டுறணும்ணே, அதுக்கப்புறம் நேரம் சரியில்ல."

நான் குறுக்கே விழுந்தேன். எங்கள் தெருவில் மிஷின் விஷயத்தில் நான்தான் நிபுணர். காரணம், கூட வருகிற புத்தகத்தைப் படிக்கிற ஒரே ஆள் நான்தான். "படுக்கவெச்சுக் கொண்டுவந்த ஃப்ரிட்ஜை ஒடனே போடக் கூடாது தாயி. கம்ப்ரஸர்ல இருக்க ஆயில் எறங்கணும். நாலு மணி நேரமாவது நிமிர்ந்து நிக்கட்டும்."

"நாலு மணி நேரமா? ராகுகாலம் வந்துருமே!"

"ராகுகாலம் போயிரும். கம்ப்ரஸர் போச்சுன்னா வராது."

பிளக்கைக் கீழே வைத்துவிட்டாள். மாலைவரை அந்தச் சந்தனப் பொட்டோடு ஃப்ரிட்ஜ் சும்மா நின்றது. காலண்டரைவிட என் பேச்சுக்கு அவள் மரியாதை கொடுத்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

காத்திருந்த நேரத்தில் ஒரு வகுப்பே எடுத்தேன். சுவரை ஒட்டி வைக்காதே, பின்னால் காற்றோட்டம் வேண்டும். எங்கள் தெருவில் கரண்ட் ஏறி ஏறி இறங்கும், ஸ்டெபிலைசர் இல்லாமல் போடாதே. கால் திருகைத் திருகி ஆட்டமில்லாமல் நிறுத்து. சூடான பாத்திரத்தை உள்ளே வைக்காதே. கதவு ரப்பரை வாரம் ஒருமுறை துடை. உறைபனி விரல்கனத்துக்கு வந்ததும் பட்டனை அமுக்கிக் கரைத்துவிடு, கத்தியை வைத்துக் குத்தாதே. அவள் ஒவ்வொன்றுக்கும் "சரிண்ணே, சரிண்ணே" என்றாள்.

மருந்தை எந்தத் தட்டில் வைக்க வேண்டும் என்று மட்டும் நான் சொல்லவில்லை. இரண்டு வருடம் எங்கள் வீட்டில் கதவுத் தட்டில்தானே இருந்தது? அதே மாதிரி வைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய்; நினைக்கவே இல்லை.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு பெல் அடிக்கவில்லை. ஏழு மணிவரை தூங்கினேன்.

இந்த இடத்தில் எங்கள் தெருப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டைப் பூட்டினால் மெயினை அணைத்துவிட வேண்டும். பல வருடத்துக்கு முன்னால், நாங்கள் இங்கே குடிவராத காலத்தில், இந்தத் தெருவில் ஒரு வீட்டில் பட்டப்பகலில் வயர் தீப்பிடித்துவிட்டது. அணைக்க ஆள் இல்லை. எல்லோரும் மலையில். சாயங்காலம் ஜீப்பில் வந்து இறங்கியவர்கள் பார்த்தது நான்கு கரிச்சுவர். அன்றிலிருந்து இங்கே காலை ஜீப் ஹாரன் கேட்டதும் வீட்டுக்கு வீடு 'டக்... டக்...' என்று மெயின் சுவிட்ச் விழும் சத்தம் வரும். முதலில் மெயின், அப்புறம் கதவு, அப்புறம் பூட்டு. யாரும் யோசித்துச் செய்வதில்லை, கை செய்துவிடும்.

வகுப்பு எடுத்த அன்று இதையும் சொன்னேன். "ஃப்ரிட்ஜுக்கு கரண்ட் எப்பவும் இருக்கணும், மெயினை அணைச்சிராத தாயி." அதற்கும் "சரிண்ணே" என்றாள். ஆனால் பூட்டிய வீட்டுக்குள் மிஷின் ஓடுகிறது என்ற நினைப்போடு அவளால் எப்படி மலையேற முடியும்? அந்த நான்கு கரிச்சுவரையும் பார்த்தவள் அவள். மூன்றாம் நாளே மெயினை அணைக்க ஆரம்பித்துவிட்டாள். விடியக்காலை அணைத்தால் இரவு ஏழு மணிக்குத்தான் உயிர் வரும்.

மெயினை அணைத்தாள். ஆனால் மருந்தைப் பற்றிய கவலையும் அவளுக்கு இருந்தது. அதனால் என்னிடமே கேட்க வந்தாள்.

ஒருநாள் சாயங்காலம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஜீப்பிலிருந்து இறங்கி, சேறு அப்பிய பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தவள், என் முன்னால் நின்றாள்.

"அண்ணே, ஒரு சந்தேகம். பகல் பூரா மெயினு ஆஃப்ல கெடக்குது. ஃப்ரிட்சுக்குள்ள எங்குட்டு வெச்சா நான் வர்ற வரைக்கும் சில்லுன்னே இருக்கும்?"

"ஃப்ரீசர்ல வை."

"மேல கதவு போட்டு இருக்கே, ஐஸ் பெட்டி... அதுக்குள்ளயா?"

"ஆமா ஆமா. அதுலதான்."

"சரிண்ணே."

போய்விட்டாள். நான் தலையைத் தூக்கவில்லை. என் கையில் போன் இருந்தது. அதற்கு முந்தின வாரம் நான் எழுதியதைப் பாராட்டி யாரோ ஒருவர் நாலு வரி அனுப்பியிருந்தார். அதை இரண்டாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

எதை வைக்க? அந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருந்தால் போதும். மீனா, மருந்தா? கேட்கவில்லை. சில்லென்று எது இருக்கும் என்று கேட்டாள், சொன்னேன். பதில் சரியான பதில்தான். பரீட்சையில் எழுதியிருந்தால் மார்க் போட்டிருப்பார்கள்.

உங்களில் நிறையப் பேருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்கள் இதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் உறையக் கூடாது. ஒரு தடவை உறைந்தால் போயிற்று. அப்புறம் இளக்கி எடுத்தாலும் அதை நம்பி ஊசி போட முடியாது. தூர எறிய வேண்டியதுதான். எதிர் வீட்டில் அது ஒவ்வொரு இரவும் உறைந்தது. ஒவ்வொரு பகலும் இளகியது. காலையில் கல் மாதிரி இருக்கிற குப்பியை அவள் உள்ளங்கையில் வைத்து உருட்டி, இளக்கி, ஊசியில் ஏற்றிப் போட்டுக்கொண்டு ஜீப் ஏறினாள். நல்ல குளிர்ச்சி ஏறிய மருந்து என்று நம்பினாள். ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. என் வீட்டு பெல்லை நம்பிய காலத்திலாவது ஒருநாள் தவறியது... அவள் வீட்டில் ஒருநாள்கூடத் தவறவில்லை.

ஆனி மாதம் மழை பிடித்தது. காய் எடுப்பு தொடங்கியது. செல்லத்தாய் மெலிய ஆரம்பித்தாள். எந்நேரமும் தண்ணீர் பாட்டிலும் கையுமாக இருந்தாள். ஜீப்பை வழியில் இரண்டு தடவை நிறுத்தச் சொல்கிறாள் என்று கூடப் போகும் பெண்கள் கேலி செய்தார்கள். நானும் விடவில்லை. "என்ன தாயி, ஃப்ரிட்ஜ் வந்ததும் ஆளு எளைச்சுட்ட? உள்ள வெச்சதை எல்லாம் பூட்டி வெச்சிருக்கியா, திங்கிறதில்லையா?" என்று கேட்டேன். அதற்கும் சிரித்தாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்துவிட்டு டாக்டர் கேட்டாராம்: "மருந்தை ஃப்ரிட்ஜில்தானே வைக்கிறீங்க?" "ஆமா சார், ஃப்ரிட்சுலதான்." ஊசி தவறாமல் போடுகிறாளா? போடுகிறாள். சாப்பாடு? கட்டுப்பாடுதான். அளவைக் கூட்டினார்கள். கேள்வியும் சரி, பதிலும் சரி. செத்த மருந்தைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டாள்.

ஆவணியில் பூட்ஸ் கடித்து வலது காலில் ஒரு கொப்புளம். தோட்டத்து ஈரத்துக்குப் பூட்ஸும் அட்டைக்கடியும் சகஜம். யாருக்குத்தான் கொப்புளம் இல்லை? மற்றவர்களுக்கு நாலு நாளில் ஆறியது. இவளுக்கு ஆறவில்லை. மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு, துணியைச் சுற்றி, அதன்மேல் பூட்ஸைப் போட்டுக்கொண்டு மலையேறினாள். காய் எடுப்பு நேரத்தில் எப்படி லீவு போடுவது என்றாளாம். மகள் வந்து பார்த்து, அலறியடித்துத் தேனி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது விரல்கள் கறுத்திருந்தன.

முதலில் இரண்டு விரல். பிறகு பாதம். பிறகு...

நானும் சாந்தியும் பழப்பையோடு பார்க்கப் போயிருந்தோம். நாங்கள் கட்டிலருகே நிற்கும்போதுதான் ஒரு நர்ஸ் வந்தார். வீட்டுக்குப் போனதும் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மாரீஸ்வரிக்கு விவரமாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், திடீரென்று செல்லத்தாயிடம் திரும்பினார். "ஏம்மா, ஃப்ரிட்ஜில எந்த இடத்துல வைப்பீங்க?"

"ஐஸ் பெட்டிக்குள்ளம்மா. கல்லு மாதிரி ஆயிரும். காலையில கையில வெச்சு எளக்கிக்குவேன்."

நர்ஸ் கையிலிருந்த பேப்பரைக் கட்டிலில் வைத்துவிட்டார். உறைந்த மருந்து என்ன ஆகும் என்று மெதுவாகச் சொன்னார். அவர் திட்டவில்லை. மாரீஸ்வரிதான் கத்திவிட்டாள். "யாரும்மா ஒனக்கு ஐஸ் பெட்டில வைக்கச் சொன்னது? எவன் சொன்னான்?"

ஆரஞ்சுப் பை கையில் கனத்தது.

செல்லத்தாய் என் பக்கம் திரும்பவே இல்லை. மகளைப் பார்த்து, "யாரு சொல்லுவா? நானாத்தேன் வெச்சேன்" என்றாள்.

நான் சொல்லியிருக்கலாம். அந்த நிமிடம் வாயைத் திறந்து, 'நான்தான்' என்று ஒரு வார்த்தை. நிறைய வார்த்தை எழுதிச் சம்பாதிக்கிற எனக்கு அந்த ஒன்று வரவில்லை. அவள் மறந்திருப்பாள், என்றோ ஒருநாள் கேட்டதை எங்கே ஞாபகம் வைத்திருக்கப் போகிறாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பஸ்ஸில் திரும்பும்போது சாந்தியிடம் மட்டும் சொன்னேன். அவள் போடி வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போதுதான் பேசினாள். "காலையில கதவைத் தொறக்க ஆளுக்கு ஆள் சோம்பல்பட்டோம்ல... அதுலயே ஆரம்பிச்சது."

இது நடந்து இரண்டு மாதம். நான் எதிர் வீட்டுக்கு அதிகம் போகவில்லை. பார்த்தால் வாசலிலிருந்தே கையை ஆட்டுவேன். அப்படி இருக்கும்போதுதான் போன வாரம் மாரீஸ்வரி வந்தாள். "மாமா, அம்மா ஃப்ரிட்சுல ஐஸ் பெட்டிக் கதவு மூட மாட்டேங்குது. ஐஸ் அடைச்சுக் கெடக்கு. மருந்தைக் கீழ மாத்தி வெச்சதோட, அதை நாங்க யாரும் தொறக்கவே இல்ல. ஒங்களுக்குத்தான் தெரியும்னு அம்மா சொல்லுச்சு. ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறீகளா?"

ஒங்களுக்குத்தான் தெரியும்!

போனேன். மாரீஸ்வரி கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். செல்லத்தாய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சேலை ஒரு பக்கம் தட்டையாக விழுந்திருந்ததை நான் பார்க்காத மாதிரி ஃப்ரிட்ஜைப் பார்த்தேன். ஐஸ் பெட்டி சுவர் பூசிய மாதிரி உறைபனியால் அடைபட்டிருந்தது. பட்டனை அமுக்கினேன். உள்ளே இருந்த மருந்தை ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைத்தேன். தட்டுகளைக் கழற்றிச் சோடா உப்புப் போட்டுத் துடைத்தேன். கதவு ரப்பரின் மடிப்பில் கறுப்பு ஏறியிருந்தது. அதையும் சுரண்டித் துடைத்தேன். ஐஸ் சொட்டுச் சொட்டாகத் தட்டில் விழுந்துகொண்டிருந்தது.

முக்கால்வாசி கரைந்தபோது ஒரு பெரிய கட்டி பெயர்ந்து விழுந்தது. அதற்குள் ஒரு குப்பி. லேபிள் நனைந்து, பாதி எழுத்து அழிந்திருந்தது.

"அட, இந்தா இருக்கு!" என்றாள் செல்லத்தாய். "ஆடி மாசம் தேடு தேடுன்னு தேடுனேன். ஒரு குப்பிய எங்க போட்டேன்னே தெரியலயேன்னு அன்னைக்கு அழுகையே வந்துருச்சுண்ணே."

நான் அந்தக் குப்பியைக் கையில் எடுத்தேன். இளக இளக உள்ளே திரிதிரியாக ஏதோ மிதந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"தாயி... ஐஸ் பெட்டில வைக்கச் சொன்னது நான்தான்."

"தெரியும்ணே."

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் சொல்லியிருக்கணும்..."

"அந்தப் புள்ள இருந்த கோவத்துக்கு ஒங்களை என்ன பேசியிருக்குமோ. பெரிய மனுசன நாலு பேரு முன்னால... விடுங்க." கொஞ்ச நேரம் சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதே குரலில் சொன்னாள். "கேக்கையில தலையத் தூக்கியிருக்கலாம்ணே. வீட்டுல வெச்சுட்டுப் போக மனசில்லாம அன்னைக்கு மருந்து டப்பாவத் தோட்டத்துக்கே கொண்டுபோயிருந்தேன், அது என் கையிலதான் இருந்துச்சு."

பூட்ஸ் ஒரு கையில். டப்பா இன்னொரு கையில். ஒரு தடவை நிமிர்ந்திருந்தால் தெரிந்திருக்கும்.

இந்தப் பக்கத்தில் எத்தனையோ வாரம், 'இந்தக் காலத்து மனிதர்கள் போனிலேயே கிடக்கிறார்கள்' என்று எழுதிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். யாரைச் சொன்னேன்? நம்மிடம் ஒருவர் சந்தேகம் கேட்கிறார் என்றால், பாதி நேரம் அவருக்கு வேண்டியது பதில்கூட இல்லை. நாம் திரும்பிப் பார்ப்பதுதான். பதில் எல்லோரிடமும் இருக்கிறது. என்னிடமும் இருந்தது, நாக்கு நுனியில், தயாராக.

எனக்கு அழுகை வந்தது. அவள் வேறு பக்கம் பார்த்தாள். அப்புறம், "சரி, இப்பச் சொல்லுங்க. எந்தத் தட்டுல வைக்கணும்?" என்றாள். எவர்சில்வர் டப்பாவைத் திறந்து, மருந்தை வைத்து, கதவுத் தட்டில் நடுவில் வைத்துக் காட்டினேன். ஐஸ் பெட்டியிலிருந்து தள்ளி, பின்சுவரில் படாமல். தலையாட்டிப் பார்த்துக்கொண்டாள். அந்த டப்பாவில் ஏலக்காய் வாசம் இன்னும் இருந்தது.

பெல் அடிக்காவிட்டாலும் ஐந்து மணிக்கு எனக்கு இப்போது தானாக விழிப்பு வந்துவிடுகிறது. திங்கட்கிழமையும் வந்தது. எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து நின்றேன். தெருமுனையில் ஜீப் வந்து ஹாரன் அடித்தது. டக்... டக்... என்று வீடு வீடாக இருட்டிக்கொண்டு வந்தது. பூட்டுகள் விழுந்தன. ஜீப் போனது. இனி மாலைவரை இந்தத் தெருவில் ஆள் இருக்கப் போவது இரண்டே வீட்டில் — உட்கார்ந்து எழுதுகிற என் வீட்டிலும், அவள் வீட்டிலும்.

எதிர் வீட்டில் மட்டும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அங்கே இப்போது மெயினை யாரும் அணைப்பதில்லை.